ஆட்டமில்லாத ஏழு மாதம்: என்எஃப்எல் ஆஃப்சீசனைப் புதிதாகப் பின்தொடர்பவர்களுக்கு

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் இறுதிப் போட்டி, சூப்பர் பவுல், பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு முடிகிறது. அடுத்த சீசனின் முதல் ஆட்டம் செப்டம்பரில். நடுவில் ஏழு மாதம் கணக்கில் சேரும் ஆட்டம் எதுவும் நடக்காது, ஆனால் அமெரிக்காவில் வேலை பார்க்கும் உங்கள் அலுவலக நண்பர் மார்ச் மாதத்தில்தான் கைபேசியை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பார். யார் யாரை வாங்கினார்கள், யாரை விட்டார்கள், எந்த விதி மாறுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் முடிவாகும். அமெரிக்கக் கால்பந்தை ஒன்றிரண்டு வருடமாகப் பார்த்து, விதிகள் ஓரளவு பிடிபட்டு, இந்த ஆஃப்சீசன் செய்திகள் மட்டும் தலையும் வாலும் புரியாமல் இருப்பவர்களுக்கு இது.

முதலில் ஒரே ஒரு அணி

லீக்கில் 32 அணிகள். எல்லாவற்றையும் பின்தொடர முயன்றால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். மற்ற அணிகளின் செய்தி தானாக வந்து சேரும், ஏனென்றால் உங்கள் அணி விட்டவர் வேறெங்கோதான் போயாக வேண்டும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் 2025 ஆஃப்சீசன். காரணம் இருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று வீழ்த்திக் கோப்பையை வென்ற அணி, அடுத்த மாதமே வெற்றிக்குக் காரணமான வீரர்களில் பலரைக் கையசைத்து அனுப்பிவைத்தது. புதிதாகப் பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அது ஏன் அப்படி இல்லை என்று புரிந்துவிட்டால் என்எஃப்எல் ஆஃப்சீசனில் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான்.

நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஜனவரியில் வழக்கமான சுற்று முடிந்த மறுநாள் பயிற்சியாளர்களின் தலை உருளும். அந்த நாளுக்குக் கருப்புத் திங்கள் என்றே பெயர். பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கல்லூரி வீரர்களை ஓடவிட்டு, குதிக்கவிட்டு அளக்கும் கம்பைன் முகாம். மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை, நியூயார்க் நேரம் மாலை 4 மணிக்கு, பழைய ஒப்பந்தங்கள் காலாவதியாகி, லீக்கின் புத்தாண்டு பிறக்கும். ஏப்ரல் கடைசியில், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட். மே மாதம் ஆட்ட அட்டவணை வெளியாகும். ஜூனில் மினிகேம்ப் என்ற குட்டி முகாம், ஜூலைக் கடைசியில் பயிற்சி முகாம், ஆகஸ்ட் கடைசியில் 90 பேரை 53 ஆகக் குறைக்கும் நாள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து பார்ப்பவர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு நியூயார்க் நேரத்தோடு ஒன்பதரை மணி கூட்டிக்கொண்டால் போதும். லீக் புத்தாண்டு நமக்கு வியாழன் அதிகாலை 1:30. டிராஃப்ட் முதல் சுற்று வெள்ளி காலை 5:30, காபியோடு பார்க்கலாம். இதற்காக இரவு கண்விழிக்க வேண்டும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். உருப்படியான செய்தி எதுவும் காலை வரை எங்கும் ஓடிவிடாது.

பயிற்சியாளர் விஷயத்தில் ஒன்று மட்டும். வெற்றி பெறும் அணிதான் உதவிப் பயிற்சியாளர்களை இழக்கும். ஈகிள்ஸின் தாக்குதல் ஆட்டத்தை வகுத்த கெலன் மூரை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் தலைமைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. சூப்பர் பவுல் முடியும்வரை அவரை ஒப்பந்தம் செய்ய முடியாது என்பதால் செயின்ட்ஸ் மற்ற எல்லா அணிகளும் ஆள் பிடித்து முடிக்கும்வரை காத்திருந்தது. ஈகிள்ஸ் வெளியில் தேடாமல், உள்ளே இருந்த கெவின் படூலோவுக்கே அந்த இடத்தைக் கொடுத்தது.

பணக்கணக்கு: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஒவ்வோர் அணியும் வீரர்களுக்காகக் கணக்கில் காட்டக்கூடிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இதைத்தான் கேப் என்கிறார்கள். 1994-இல் தொடங்கியபோது அது 3.46 கோடி டாலர். 2020-இல் 19.82 கோடி. கோவிட் காலத்தில் பார்வையாளர் இல்லாததால் 2021-இல் 18.25 கோடியாக இறங்கியது. 2025-இல் 27.92 கோடி. லீக்கின் வருமானத்தில், பெரும்பாலும் தொலைக்காட்சிப் பணத்தில், வீரர்களுக்குச் சேரவேண்டிய பங்கிலிருந்து இந்த எண் வருகிறது. அதனால் உரிமையாளர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் ஆளை அள்ளிக் குவிக்க முடியாது. ஐரோப்பிய கால்பந்து கிளப்புகளைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் மறக்கவேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

உச்சவரம்பு இருந்தும் அணிகள் எப்படிப் பெரிய ஒப்பந்தங்களைப் போடுகின்றன? வீரருக்குக் கையெழுத்திடும்போது கொடுக்கும் போனஸைக் கணக்கில் ஐந்து வருடம் வரை பரப்பி எழுதலாம். 5 கோடி டாலர் போனஸ் இன்றைக்கே அவர் வங்கிக்குப் போய்விடும். கேப் கணக்கில் மட்டும் வருடத்துக்கு ஒரு கோடி என்று ஏறும். தவணையில் வாங்கிய வண்டி மாதிரி. வண்டியை விற்றாலும் மீதித் தவணை உங்கள் தலையில்தான். இரண்டு வருடத்தில் அந்த வீரரை வெட்டினால் மீதி மூன்று கோடியும் ஒரே அடியாகக் கணக்கில் வந்து விழும். ஆடாத ஆளுக்காகக் கணக்கை அடைத்துக்கொண்டிருக்கும் இந்தத் தொகைக்குச் செத்த பணம் என்று பெயர்.

இதில் வரலாறு படைத்தது டென்வர் பிராங்கோஸ். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சனை 2024 மார்ச்சில் விடுவித்தபோது மொத்தம் 8.5 கோடி டாலர் செத்த பணம். அதை 2024-இல் 5.3 கோடி, 2025-இல் 3.2 கோடி என்று இரண்டாகப் பிரித்துச் சுமந்தார்கள். அதற்கு உதவியது ஜூன் 1 விதி. அந்தத் தேதிக்குப் பிறகு வெட்டினால், நடப்பு வருடத்துக்கான பங்கு மட்டும் இந்த வருடக் கணக்கில் வரும், மீதி அடுத்த வருடத்துக்குப் போகும். இரண்டு பேரை மட்டும் மார்ச்சிலேயே விடுவித்து, ஜூன் 1-க்குப் பிறகு வெட்டியதாகக் கணக்குக் காட்டவும் ஓர் அணிக்கு அனுமதி உண்டு. ஈகிள்ஸ் 2025 மார்ச்சில் பின்வரிசைத் தடுப்பாளரான மூத்த கார்னர்பேக் டேரியஸ் ஸ்லேயை அப்படித்தான் விடுவித்தது. அவர் பிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார்.

ஆக, ஓர் ஒப்பந்தச் செய்தி வந்தால் நீங்கள் பார்க்கவேண்டியவை மூன்றே எண்கள்: உத்தரவாதமான தொகை எவ்வளவு, இந்த வருடக் கேப் கணக்கில் எவ்வளவு ஏறுகிறது, இடையில் விட்டால் செத்த பணம் எவ்வளவு. தலைப்பில் கொட்டை எழுத்தில் போடும் மொத்தத் தொகை பாதி நேரம் அலங்காரம்தான். ஒப்பந்தத்தின் கடைசி வருடங்கள் பெரும்பாலும் நடக்கவே நடக்காது. ஸ்பாட்ராக், ஓவர் தி கேப் என்ற இரண்டு தளங்களிலும் இந்த மூன்றும் வீரர் வாரியாக, வருடம் வாரியாகக் கிடைக்கும். இலவசம்தான். முதல் தடவை திறந்தால் தலை சுற்றும். ஓர் அணியின் முதல் பத்துப் பெயர்களை மட்டும் பாருங்கள், பழகிவிடும்.

மார்ச்: யாரை விடுவது, யாரை வைப்பது

லீக் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால், திங்கள் நண்பகலில், மற்ற அணிகளின் ஒப்பந்தம் முடியப்போகும் வீரர்களின் முகவர்களோடு பேசலாம் என்று கதவு திறக்கும். நமக்கு அது இரவு 9:30. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதிச் சந்தை முடிந்துவிடும். அதற்கு முன்னால் யாரும் யாரோடும் பேசவில்லை என்பது ஐதீகம்.

சொந்த வீரர்களோடு மட்டும் அணிகள் எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். கைவசம் ஒரு கடைசி ஆயுதமும் உண்டு. அது ஃபிரான்சைஸ் டேக். ஓர் அணி வருடத்துக்கு ஒரு வீரர் மேல் இதைப் போடலாம். அந்த இடத்தில் ஆடும் ஐந்து உயர்ந்த சம்பளங்களின் சராசரியை ஒட்டி ஒரு வருடச் சம்பளம் கொடுத்து, போகவிடாமல் நிறுத்தலாம். வீரர்களுக்கு இது பிடிக்காது, ஒரு காயம் பட்டால் நீண்ட ஒப்பந்தம் போயே போச்சு. டேக் போட்டவரோடு நீண்ட ஒப்பந்தம் பேச ஜூலை நடுவரை அவகாசம். 2025-இல் சீஃப்ஸ் அணி கார்ட் ட்ரே ஸ்மித்துக்கு டேக் போட்டு, கடைசி நாளான ஜூலை 15 அன்றுதான் நான்கு வருடத்துக்கு 9.4 கோடி டாலர் என்று முடித்தது. கெடு வந்தால்தான் பேனா திறக்கும்.

டேக்கின் இன்னொரு முடிவு, பந்தோடு ஓடும் ரன்னிங்பேக் சேக்வான் பார்க்லி. நியூயார்க் ஜயன்ட்ஸ் 2023-இல் அவருக்கு டேக் போட்டது, நீண்ட ஒப்பந்தம் கூடிவரவில்லை. 2024 மார்ச்சில் விட்டுவிட்டது. அதே பிரிவில் ஆடும் பரம எதிரியான ஈகிள்ஸ் மூன்று வருடத்துக்கு 3.775 கோடி டாலர் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. அவர் ஃபிலடெல்ஃபியா போனால் தனக்குத் தூக்கம் வராது என்று ஜயன்ட்ஸ் உரிமையாளர் ஜான் மாரா சொன்னதும் கேமராவில் பதிவாகி, கோடையில் ஊரே பார்த்தது. அந்த சீசனில் பார்க்லி ஓடியது 2,005 யார்டு. 2025 மார்ச்சில், பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே, ஈகிள்ஸ் மேலும் இரண்டு வருடத்துக்கு 4.12 கோடி சேர்த்தது. வருடத்துக்கு இரண்டு கோடி டாலரைத் தாண்டிய முதல் ரன்னிங்பேக் அவர்தான்.

சரி, கோப்பை வென்ற கையோடு ஈகிள்ஸ் யாரை விட்டது? சூப்பர் பவுலில் சீஃப்ஸ் குவார்ட்டர்பேக்கை உலுக்கி எடுத்த இருவரை. மில்டன் வில்லியம்ஸ் நான்கு வருடம், 10.4 கோடி என்று நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்குப் போனார். ஜாஷ் ஸ்வெட் நான்கு வருடம், 7.64 கோடிக்கு அரிஸோனா கார்டினல்ஸ். இன்னொரு பாதுகாப்பு வீரரான கார்ட்னர்-ஜான்சனை ஹூஸ்டனுக்கு வர்த்தகம் செய்தார்கள். அந்த வார இறுதியில் ஃபிலடெல்ஃபியா வானொலியில் அழுகைச் சத்தம் கேட்டிருக்கும்.

பொது மேலாளர் ஹவி ரோஸ்மன் போட்ட கணக்கு வேறு. ஜேலன் கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ், நோலன் ஸ்மித் என்று டிராஃப்டில் எடுத்த இளைஞர்கள் அதே வரிசையில் ஏற்கெனவே இருந்தார்கள். குவின்யான் மிட்செலும் கூப்பர் டிஜீனும் பின்வரிசையில். 2011-க்குப் பிறகு புதுமுகங்களின் சம்பளம் எடுத்த வரிசைப்படி நிர்ணயிக்கப்படுகிறது. நான்கு வருடம் மலிவு விலையில் ஆடுவார்கள், முதல் சுற்றில் எடுத்தவரை ஐந்தாவது வருடமும் நிறுத்திக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 2023-இல் ஐந்து வருடத்துக்கு 25.5 கோடி கொடுத்தாகிவிட்டது. கார்ட்டர் போன்றவர்களுக்கு நாளை கொடுக்கவேண்டும். இன்று எல்லோரையும் வைத்துக்கொண்டால் நாளை சிறந்தவரை இழக்க நேரிடும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து பெரிய தொகைக்கு வெளியே போகிறவர்களுக்காக, லீக் அடுத்த வருட டிராஃப்டில் மூன்று முதல் ஏழாம் சுற்றுவரை ஈட்டுத் தேர்வுகளை, அதாவது கூடுதலாக ஆள் எடுக்கும் வாய்ப்புகளை, கொடுக்கும். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று கழித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அணியே வெட்டிவிட்ட வீரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். வில்லியம்ஸும் ஸ்வெட்டும் போனது கணக்கில் சேரும், ஸ்லே போனது சேராது. மார்ச்சில் ஓர் அணி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதாகத் தோன்றினால், இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ரோஸ்மன் தவறே செய்யாதவர் என்று நினைக்கவேண்டாம். 2024 மார்ச்சில் இரண்டு பேரை எடுத்தார். பிரைஸ் ஹஃப் மூன்று வருடத்துக்கு 5.11 கோடி டாலர். ஸாக் பான் ஒரே வருடத்துக்கு 35 லட்சம். ஹஃப் சூப்பர் பவுல் அன்று ஆடும் பட்டியலிலேயே இல்லை. 2025 ஜூன் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை பெரும்பாலும் பந்தை உதைக்கும் நேரத்தில் இறங்கும் உதிரிக் குழுவில் ஓடிக்கொண்டிருந்த பான், புதிய இடத்தில் நிறுத்தப்பட்டதும் லீக்கின் சிறந்த வீரர்களைப் பொறுக்கி அறிவிக்கும் பட்டியலில் முதல் வரிசையில் இடம்பெற்றார். அவரைத் தக்கவைக்க 2025-இல் கொடுத்த தொகை மூன்று வருடத்துக்கு 5.1 கோடி. கிட்டத்தட்ட ஹஃபுக்குக் கொடுத்த அதே விலை. மார்ச் வந்தால் தொலைக்காட்சியில் அணிகளுக்கு மதிப்பெண் போட்டு வெற்றியாளர், தோல்வியாளர் என்று பிரிப்பார்கள். அந்த நிகழ்ச்சிகளை இந்த இரண்டு பேரை நினைத்துக்கொண்டு பாருங்கள், சிரிப்பு வரும்.

டிராஃப்ட்

கடந்த சீசனில் மோசமாக ஆடியவர் முதலில் எடுப்பார், கோப்பை வென்றவர் கடைசி. ஏழு சுற்று, மூன்று நாள். 2025-இல் இது கிரீன் பேயில் நடந்தது, டென்னஸி டைட்டன்ஸ் முதலில் குவார்ட்டர்பேக் கேம் வார்டை எடுத்தது. ஈகிள்ஸ் தன் 32-ஆம் இடத்தோடு ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வைச் சேர்த்து சீஃப்ஸிடம் கொடுத்து, ஒரே ஓர் இடம் மேலேறி 31-இல் அலபாமாவின் லைன்பேக்கர் ஜிஹாட் கேம்பலை எடுத்தது. ஓர் இடத்துக்கு இவ்வளவா என்றால், அந்த ஓர் இடத்தில் வேறு அணி புகுந்து அவரைத் தூக்கிவிடும் என்ற பயம்தான்.

புதிதாகப் பார்ப்பவர்கள் முன்கணிப்புப் பட்டியல்களில் நேரத்தை விரயம் செய்யவேண்டாம். முதல் சுற்றை மட்டும் பார்த்துவிட்டு, சனிக்கிழமைச் சுற்றுகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஆனால் கீழ்ச்சுற்றுகளை அலட்சியமும் செய்யக்கூடாது. 2022-இல் 262-ஆவதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி 2025 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் வாங்கிய ஒப்பந்தம் ஐந்து வருடம், 26.5 கோடி டாலர்.

உங்கள் அணியைத் தாண்டிய லீக் செய்திகள்

மார்ச் கடைசியிலும் மே மாதத்திலும் அணி உரிமையாளர்கள் கூடுவார்கள். விதி மாற்றத்துக்கு 32-இல் 24 வாக்கு வேண்டும். இந்தக் கூட்டங்களைப் பலர் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் ஆஃப்சீசனிலேயே சுவாரஸ்யமானது இதுதான்.

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு யார்டு மட்டும் தேவைப்படும்போது ஹர்ட்ஸின் பின்னால் ஆட்கள் நின்று அவரை முன்னே தள்ளும் டஷ் புஷ் என்ற உத்தியை ஈகிள்ஸ் யாராலும் தடுக்க முடியாத அளவுக்குத் தேற்றிவைத்திருந்தது. அதைத் தடைசெய்ய வேண்டும் என்று கிரீன் பே பேக்கர்ஸ் தீர்மானம் கொண்டுவந்தது. முதல் கூட்டத்தில் ஒத்திவைத்தார்கள். மே மாதக் கூட்டத்துக்கு ஈகிள்ஸ் உரிமையாளர் ஜெஃப்ரி லூரி, ஓய்வுபெற்ற சென்டர் ஜேசன் கெல்ஸியையும் கூட்டிக்கொண்டு வந்து வாதாடினார். வாக்கு 22-10. இரண்டு வாக்கு குறைந்ததால் உத்தி பிழைத்தது. பாதுகாப்புக் காரணம் என்றுதான் எதிர்த்தவர்கள் சொன்னார்கள். ஈகிள்ஸ் அளவுக்கு வேறு எவரும் அதில் ஜெயிக்கவில்லை என்பதும் உண்மை.

அதே வசந்தத்தில் ஈகிள்ஸ் முன்வைத்த ஒரு மாற்றம் ஏற்கப்பட்டது: வழக்கமான சுற்றின் கூடுதல் நேரத்திலும் இரண்டு அணிக்கும் பந்து கிடைக்க வேண்டும். மே கூட்டத்தில் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில், ஆளை வீழ்த்தாமல் இடுப்புக் கொடியைப் பறித்து ஆடும் ஃபிளாக் ஃபுட்பாலில் என்எஃப்எல் வீரர்கள் கலந்துகொள்ளவும் அனுமதி கிடைத்தது. அட்டவணை வந்தால் வெளிநாட்டு ஆட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025-இல் டப்ளின், லண்டன், பெர்லின், மாட்ரிட் ஆட்டங்கள் அமெரிக்காவில் காலை நேரத்தில் தொடங்கியதால், நம் ஊரில் மாலை ஏழு, எட்டு மணி வாக்கிலேயே பார்க்க முடிந்தது.

வதந்தியைச் சலிப்பது

ஈஎஸ்பிஎன்னின் ஆடம் ஷெஃப்டர், என்எஃப்எல் நெட்வொர்க்கின் இயன் ரேபபோர்ட் என்ற இரு செய்தியாளர்களும் சொன்னால் பெரும்பாலும் நடக்கும். ஓர் எழுத்தை மாற்றி அவர்கள் பெயரிலேயே போலிக் கணக்கு நடத்துபவர்கள் மார்ச்சில் புற்றீசலாகக் கிளம்புவார்கள், பெயரை இருமுறை பாருங்கள். ஓர் அணி ஒரு வீரர்மேல் ஆர்வமாக இருக்கிறது என்று வந்தால், அது முகவர் விலையை ஏற்றுவதற்காகக் கசியவிட்டதாகவும் இருக்கலாம்.

வர்த்தகம் செய்யுங்கள் என்று வீரரே கேட்கும் செய்திதான் கணிக்கக் கடினமானது. 2025 பிப்ரவரியில் கிளீவ்லாந்தின் மைல்ஸ் காரெட் தன்னை வேறு அணிக்கு அனுப்பும்படி பகிரங்கமாகக் கேட்டார். மார்ச்சில் அதே கிளீவ்லாந்தோடு வருடத்துக்கு நான்கு கோடி டாலருக்குப் புது ஒப்பந்தம். சரி, எல்லாம் நாடகம் என்று முடிவு கட்டினால், ஆகஸ்ட் முதல் தேதி டல்லஸ் கௌபாய்ஸின் மைக்கா பார்சன்ஸ் அதே மாதிரி கேட்டார், அந்த மாதக் கடைசியில் உண்மையிலேயே போய்விட்டார்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

ஜூனை விட்டுவிடுங்கள். கால்சட்டையும் ஜெர்சியும் மட்டும் அணிந்து, மோதல் இல்லாமல் நடக்கும் பயிற்சி அது. யாரோ ஒருவர் அபாரமாக ஆடுவதாகத் தினமும் செய்தி வரும், மோதலே இல்லாத இடத்தில் எல்லோரும் அபாரமாகத்தான் ஆடுவார்கள். கட்டாய மினிகேம்ப்புக்கு யார் வரவில்லை என்று மட்டும் பாருங்கள். அபராதம் கட்டியாவது வீட்டிலிருப்பவருக்கு ஒப்பந்தத்தில் மனத்தாங்கல் என்று பொருள். ஜூலைக் கடைசியில் முகாம் தொடங்கியதும் காயப் பட்டியலைப் பின்தொடருங்கள். ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களின் ஸ்கோரைப் பொருட்படுத்த வேண்டாம். யார் முதல் பாதியில் ஆடுகிறார், யார் கடைசிக் கால்மணியில் ஆடுகிறார் என்பதே செய்தி.

2025-இல் 53 பேராகக் குறைக்கும் கெடு ஆகஸ்ட் 26, நியூயார்க் நேரம் மாலை 4. வெட்டப்பட்ட இளம் வீரர்களை மற்ற அணிகள் மறுநாள் வரை உரிமை கோரலாம், மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. யாரும் கேட்காதவரைப் பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம், அதில் 16 இடம், வெளிநாட்டு வீரர் என்றால் கூடுதலாக ஒன்று. அதனால் வெட்டு நாள் மாலை வரும் 53 பேர் பட்டியலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு நாளில் மாறிவிடும்.

சில நேரம் பெரிதாகவே மாறும். அந்த வெட்டு முடிந்து இரண்டாம் நாள், ஆகஸ்ட் 28 அன்று, டல்லஸ் பார்சன்ஸை கிரீன் பே அணிக்கு அனுப்பியது. பதிலுக்கு இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் கென்னி கிளார்க்கும். கிரீன் பே அவருக்கு நான்கு வருடத்துக்கு 18.8 கோடி டாலர் கொடுத்தது. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 4 அன்று, சீசனின் முதல் ஆட்டத்தில் பார்சன்ஸ் இல்லாத டல்லஸ் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தது. நமக்கு வெள்ளி காலை 5:50. தொடக்க உதை முடிந்த கையோடு, தற்காப்பில் ஒருமுறைகூட ஆடுவதற்கு முன்னால், டல்லஸ் குவார்ட்டர்பேக் மேல் துப்பியதற்காக ஈகிள்ஸின் ஜேலன் கார்ட்டரை நடுவர்கள் வெளியே அனுப்பிவிட்டார்கள். வில்லியம்ஸை யாரை நம்பி விட்டார்களோ, அவரேதான். இருந்தும் ஈகிள்ஸ் 24-20 என்று ஜெயித்தது.